'எவ்வளவு' என்று ஆங்கிலத்தில் வினவும்போது

'எவ்வளவு' என்பதற்கு 'ஹௌ மச்' என்றே பால்யம் முதல் மனனம் செய்துவிட்ட நம்மவர், களைத்து வந்த நண்பரை அன்போடு விசாரிக்கையில், 'ஹௌ மச் டயர்ட் ஆர் யூ?' என்று கேட்டுவிடுவது சகஜம். 'டயர்ட்', 'இன்ட்ரஸ்டட்' முதலிய பதங்கள் வினையிலிருந்து பிறந்தனவாயினும், காலக்கிரமத்தில் விசேஷணங்களாகவே நிலைபெற்றுவிட்டபடியால், அவற்றின் முன் 'ஹௌ' ஒன்றே போதும்: 'ஹௌ டயர்ட் ஆர் யூ?' 'ஹௌ', 'டயர்ட்' இவ்விரண்டும் பிரியாமல் வாக்கியத்தின் முகப்பிலே சேர்ந்து நிற்றல் அவசியம். 'ஹௌ ஆர் யூ டயர்ட்?' என்று இடையே பிளந்தால் அளவைக் கேட்கும் பொருளே போய்விடும். ஒப்பிட்டுக் கேட்குமிடத்தில் மட்டும் 'மச்' தாராளமாக வரலாம்: 'ஆர் யூ மச் மோர் இன்ட்ரஸ்டட் நௌ?' ஆனால், புயலில் சேதமுற்ற வீட்டைப் பற்றியானால், இடையே 'பேட்லி' சேர்த்து, 'ஹௌ பேட்லி டேமேஜ்ட் இஸ் த ஹவுஸ்?' என்பதே இயல்பான வழக்கு.

இவை எல்லாவற்றினும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டுவது பதத்தின் ஈற்றில். பள்ளி விட்டு வந்த குழந்தையிடம், சலிப்பை அறியும் நோக்கத்தோடு, 'ஹௌ போரிங் ஆர் யூ?' என்றால், சலிப்பூட்டுவது அக்குழந்தையே என்றாகி அதன் மனம் புண்படும். கேட்கவேண்டியது 'ஹௌ போர்ட் ஆர் யூ?' என்பது. 'போரிங்' வகுப்புக்கு உரியது: 'ஹௌ போரிங் வாஸ் த க்ளாஸ்?'