எண்ணக்கரு: கிராபிக் வடிவமைப்பும் சமகாலக் கட்புலக் கலையும்

மாணவர்களே, 'டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்றை வடிவமைக்குக' என்று வினா வந்தால் உங்களிற் பலர் என்ன செய்வீர்கள் என்பதை நான் அறிவேன். தாளின் நடுவே பெரியதொரு நுளம்பு. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் 'டெங்கை ஒழிப்போம்'. எஞ்சிய இடத்திற் பூவேலை, சுற்றிவரக் கரை. கோடும் சுத்தம், நிறந்தீட்டலும் சுத்தம். ஆனால் வகுப்பில் வரைந்த இத்தகைய முப்பது சுவரொட்டிகளை ஒரே சுவரில் ஒட்டினால் எது தன்னுடையது என்று வரைந்தவருக்கே தெரியாது. கைத்திறனிற் குறையில்லை. பென்சிலை எடுக்க முன்னர் 'நான் என்ன சொல்லப் போகிறேன்?' என்று எவரும் கேட்கவில்லை. அக்கேள்விக்குரிய விடையையே எண்ணக்கரு என்கிறோம்.

தலைப்பையும் எண்ணக்கருவையும் குழப்பிக் கொள்ள வேண்டாம். 'டெங்கு' என்பது தலைப்பு. 'எங்கள் வளவில் எறிந்த சிரட்டைதான் நுளம்பின் வீடு' என்பது எண்ணக்கரு. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நுளம்பைத்தான் வரைய முடியும். எண்ணக்கரு கிடைத்துவிட்டால், தண்ணீர் தேங்கிய சிரட்டைக்கு ஒரு கதவும் யன்னலும் வரைந்து விடலாம். நுளம்பே தேவைப்படாது.

இதற்குச் சிறந்த உதாரணம் நியூயோர்க் சின்னமாகும். 1970களின் நடுப்பகுதியில் அந்நகரம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. குற்றச் செயல்களும் மலிந்திருந்தன. உல்லாசப் பயணிகளை மீண்டும் வரவழைப்பதற்காக மாநில அரசு ஒரு பிரசாரத்தைத் திட்டமிட்டது. அதற்கான சின்னத்தை மில்ற்றன் கிளேசர் 1976இல் வாடகைக் காரிற் சென்றுகொண்டிருக்கையில் ஒரு கடித உறைத் துண்டிற் சிவப்புக் கிரயோனாற் கிறுக்கினார். 'நான்' எனப் பொருள்தரும் ஆங்கில எழுத்து ஒன்று, ஒரு சிவப்பு இதயம், நகரின் பெயருக்குரிய முதலெழுத்துகள் இரண்டு. அவ்வளவுதான். ('கணினி இருந்தால் நாங்களும் செய்வோம் சேர்' என்பவர்கள் அந்தக் கடித உறையை நினைத்துக் கொள்க. அது இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.)

இதில் வானளாவிய கட்டடமும் இல்லை, சுதந்திரச் சிலையும் இல்லை. கிளேசர் நகரின் தோற்றத்தை விட்டுவிட்டு, அந்நகருடன் ஒருவருக்குள்ள உறவை எடுத்துக்கொண்டார். 'நேசிக்கிறேன்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருவம் இருப்பதனால், பார்ப்பவர் அச்சொல்லைத் தம் மனத்துள் தாமே சொல்லி நிரப்புகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். வாக்கியத்தின் எழுவாய் 'நான்'. ஆகவே அந்தச் சின்னம் பொறித்த சட்டையை எவர் அணிகிறாரோ அவரே அதைச் சொல்பவராகி விடுகிறார். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர் கிளேசர் அதே இதயத்தின் ஓரத்தில் ஒரு கரிய வடுவை இட்டு, 'முன்னெப்போதையும் விட' என்ற சொற்களையும் சேர்த்தார். எண்ணக்கரு உறுதியாக இருந்தமையால் ஒரு சிறு கறையே ஒரு நகரின் துயரத்தைச் சொல்லப் போதுமாயிற்று.

எதை விடுவது என்று தீர்மானிப்பதும் எண்ணக்கருவின் வேலையே. இலண்டன் நிலக்கீழ் ரயில் வரைபடத்தை 1931இல் வரைந்த ஹரி பெக், மின்சுற்று வரைபடங்களுடன் பழகிய ஒரு வரைஞர். நிலத்தின் கீழே பயணிப்பவருக்கு மேலேயுள்ள வீதி வளைவுகள் எதற்கு என்று அவர் எண்ணினார். எல்லாப் பாதைகளையும் கிடைக்கோடு, நிலைக்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு என்பனவாக மாற்றினார். உண்மையான தூரம் அதில் இல்லை; எங்கே ஏறி எங்கே மாறுவது என்பது தெளிவாக உண்டு. முதலில் அதை ஏற்க மறுத்தார்கள். 1933இல் அச்சிட்டபோது மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள்.

மெக்சிக்கோ நகரச் சுரங்க ரயில் 1969இல் ஆரம்பமானபோது, வாசிக்கத் தெரியாத பயணிகளையும் கருத்திற்கொண்டு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் உருவச் சின்னம் கொடுக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் லான்ஸ் வைமன். சாப்புல்தெப்பெக் நிலையத்தின் சின்னம் ஒரு வெட்டுக்கிளி. அப்பெயருக்கே வெட்டுக்கிளிக் குன்று என்பது பொருள்.

இனிச் சமகாலக் கலை. இங்கே தெரிவு செய்யும் பொருளே எண்ணக்கருவைத் தாங்கி நிற்பதுண்டு. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் இலண்டன் ரேற் மொடேர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் ஏறத்தாழ 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். குனிந்து எடுத்துப் பார்த்தால் அவை விதைகளல்ல. மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஜிங்டெசென் நகரில் 1600க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் பீங்கானிற் செய்து, கையால் வர்ணம் தீட்டியவை. மா சேதுங் காலத்துச் சுவரொட்டிகளில் அவர் சூரியன். மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகள். தூரத்தில் நின்றால் சாம்பல் நிறத் தரை; கிட்டப்போனால் ஒவ்வொரு விதையும் வேறு. கூட்டத்தில் ஒருவன் யார் என்ற கேள்வி அங்கேயே கிடக்கிறது. இதே விதைகளைப் பிளாஸ்ரிக்கில், இயந்திரத்திற் செய்திருந்தால் அக்கேள்வி எழுந்திருக்குமா? இரசனை வினாவுக்கு 'மிகவும் அழகாக உள்ளது' என்று எழுதாமல் இப்படியொரு கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

பரீட்சையிற் செய்ய வேண்டியது: வினாவை வாசித்ததும் ஒரு வாக்கியத்தை மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். அதில் வினைச்சொல் இருக்க வேண்டும். பின்னர் தீப்பெட்டி அளவில் மூன்று மாதிரிகள் கிறுக்குங்கள். முதலாவது அநேகமாக எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும், அதை விட்டுவிடலாம்.

பயிற்சி: உங்கள் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து ஊர்களுக்கு பஸ்கள் செல்கின்றன. வாசிக்கத் தெரியாத ஒருவர் தனது பஸ்ஸை இனங்காண்பதற்கு உதவும் ஐந்து சின்னங்களை வடிவமைக்குக. எழுத்துகள், இலக்கங்கள் பயன்படுத்தலாகாது. ஒவ்வொன்றின் கீழும் எண்ணக்கருவை ஒரு வாக்கியத்தில் எழுதுக.

(குறிப்பு: இரண்டு ஊர்களுக்குக் கோயிற் கோபுரத்தைப் போட்டுவிட்டால், அந்த மனிதர் இரவிலே வேறு ஊரில் இறங்கி நிற்பார்.)