கப்பல் என்ன, லோணாவளா லோக்கலா?

புனே பக்கத்தில் இருக்கும் எங்கள் கசார்வாடியில் ரயிலைத் தவறவிட்டதற்காக யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. லோணாவளா லோக்கல் கண்ணெதிரே கிளம்பிப் போனால், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வடாபாவைத் தின்றுகொண்டே அடுத்த வண்டிக்குக் காத்திருப்போம். இருபது வருடம் இப்படிப் பழகிய புத்தியோடுதான், போன தீபாவளி விடுமுறையில் மும்பையிலிருந்து லட்சத்தீவு போகும் சொகுசுக் கப்பலில் ஏறினேன். நான், மனைவி, பத்து வயது மகன், மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அம்மா. நான்கு இரவுகள். அங்கே நடந்த கூத்துகளில் பாதிக்குமேல் கடல் செய்ததல்ல, இந்த லோக்கல் புத்தி செய்தது.

அம்மாவுக்குக் கப்பல் என்றால் ரஜூலா. அவளுடைய அப்பா நாகப்பட்டினத்தில் அதில் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கு போனவர். பக்கத்து வீட்டுக் காக்குவுக்கு (மராத்தியில் சித்தி) கப்பல் என்றால் ராம்தாஸ். 1947 ஜூலை 17 அன்று மும்பையிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்டு, வழியில் கவிழ்ந்து, 600 பேருக்குமேல் பலிகொண்ட கப்பல். நாங்கள் கிளம்புகிற காலையில் அந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, "சமுத்திரத்துக்குப் போடு" என்று ஒரு தேங்காயையும் கையில் கொடுத்தார் காக்கு. நாரளி பௌர்ணமிக்குக் கொங்கண் கரையில் கடலுக்குத் தேங்காய் விடும் வழக்கம் உண்டு. மறுக்க முடியாமல் பெட்டிக்குள் வைத்தேன்.

டிக்கெட்டில் மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்றிருந்தது. காரில் நான்கு மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கண்டாலா மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. விடுமுறைக் கூட்டம் வேறு. ஒரு மணி நேரத்துக்குமேல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மனைவி டிக்கெட்டின் சிறிய எழுத்தைப் படித்தாள். ஐந்து மணி என்பது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம். பயணிகளுக்கான கவுண்டர் மூன்றுக்கே மூடிவிடும். பல்லார்ட் பியரில் நாங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியபோது மணி இரண்டு ஐம்பது. புனே பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதல் நாளே மும்பை போய்த் தங்கிவிடுங்கள். இல்லையென்றால் பிம்ப்ரியிலோ சிஞ்ச்வடிலோ நிற்கிற காலை ரயிலைப் பிடியுங்கள். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து துறைமுகம் டாக்சியில் கூப்பிடு தூரம்தான்.

பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள், சாயங்காலம் அறை வாசலுக்கு வந்துவிடும் என்று. மூன்று பெட்டி வந்தது, நான்காவது வரவில்லை. அதில்தான் அம்மாவின் பிரஷர் மாத்திரை. எட்டு மணி மாத்திரைக்கு ஏழேமுக்காலுக்கு நான் கப்பலின் அடித்தளத்தில் பாதுகாப்பு அறையைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகக் கண்டுபிடித்தால், மேஜைமேல் என் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் வரிசையாக என் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில், காக்குவின் தேங்காய். முதல் இரண்டும் தீ உண்டாக்கக்கூடிய சாமான்கள் என்பதால் அறைக்கு அனுமதியில்லை. தேங்காயை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை. காவலர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். கடலில் எறியவும் கூடாதாம். மூன்றையும் இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ரசீது எழுதினார்: "அயர்ன் 1, கெட்டில் 1, கோக்கனட் 1". மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, அடையாள அட்டை இவ்வளவும் தோள்பையில் இருக்கட்டும். பெட்டி எப்போது வந்தால் என்ன என்று நிம்மதியாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்பே, கப்பல் புறப்படும் முன், ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு ஊதினால் எந்த இடத்தில் கூடவேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டவேண்டும் என்று காட்டுகிறார்கள். பாதிப்பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அதில் அன்று ஏறியவர்களில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. கப்பல் நகரும் முன்பே, இல்லையென்றால் நகர்ந்த உடனே, இதை நடத்தியாக வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் கடுமையானது. என் மகன் மட்டும் சங்கை விரல்விட்டு எண்ணினான். அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று அம்மா எண்ணிவைத்துக்கொண்டாள். நான் சாப்பாட்டுக் கூடம் எந்தத் தளம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். கந்த சஷ்டி நாட்கள். அம்மா வெங்காயம், பூண்டு தொடமாட்டாள். கைவசம் பருப்புப்பொடி பாட்டில் மட்டும். கடைசியில் கைகொடுத்தது ஜைனர்களுக்கான கவுண்டர். மும்பைக் கப்பல் என்பதால் குஜராத்திக் கூட்டம் அதிகம், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் தனியாகவே நடக்கிறது. நான்கு நாளும் அம்மா அங்கேதான். தால் கொஞ்சம் தித்திப்பு என்பதைத் தவிர குறையொன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி கடல் தன் வேலையைக் காட்டியது. அரபிக்கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வாம். காட்சி நன்றாகத் தெரியும் என்று கூடுதல் பணம் கட்டி மேல்தளத்தில், கப்பலின் மூக்குப் பக்கமாக அறை வாங்கியிருந்தேன். ஏற்றப்பலகையின் நுனியில் உட்காருகிறவனுக்கும் நடுவில் உட்காருகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். அதிகம் ஆடாத அறை வேண்டுமென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். விலையும் குறைவு. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தபின் விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். கண்ணுக்கு அறை அசையாமல் தெரிகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ ஆடுகிறாய் என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் சமாதானமாகிவிடும். நான் வெளியே வரும் நிலையில் இல்லை. வியர்த்துக் கொட்ட, குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சஷ்டியின் ஐந்தாம் நாள். சிக்கல் கோயிலில் சிங்காரவேலர் அம்மனிடம் வேல் வாங்கும்போது முகத்தில் வியர்வை அரும்பும் என்பார்கள். அம்மா என் நெற்றியைத் துண்டால் துடைத்துவிட்டு, "வேல் வாங்கற சாமிக்கு வேர்க்கலாம், உனக்கு என்னடா வந்துச்சு?" என்றாள். பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விடியும்வரை தூங்கினாள். ரஜூலா ரத்தம்.

காலையில் அகத்தி கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய கப்பல் கரைவரை போகமுடியாது; பவளப்பாறைகள், ஆழமில்லாத நீர். சின்னப் படகில் இறங்கித்தான் போகவேண்டும். அலை அடங்கவில்லை, படகு விடமாட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். கூச்சல், வாக்குவாதம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். நானும் தட்டியிருப்பேன், நிற்கத் தெம்பில்லை. தடம் மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று நாம் கையெழுத்துப் போட்ட நிபந்தனையிலேயே இருக்கிறது. தீவைத்தான் பார்க்கவேண்டும் என்றால், கொச்சி போய் அகத்திக்கு விமானம் ஏறுவது மேல். கம்பியைப் பிடித்தபடி அந்தப் பச்சை நீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செல்போன் கதை வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது. கரை மறைந்தபின் திரையில் ஏதோ புதுப் பெயரில் சிக்னல் வரும். அது கப்பலுக்குள்ளேயே இருக்கும் டவர், செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது, கட்டணம் தனி. ஆபீஸ் வேலையாகத் துபாய் போனபோது போட்ட ரோமிங்கை நான் நிறுத்தவே இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த தீபாவளி வாழ்த்து வீடியோக்கள் தாமாகவே இறங்கியதற்கு 2,860 ரூபாய் பில். ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது கார் வேண்டாமென்று சி.எஸ்.எம்.டி.யிலிருந்து ரயில். சிஞ்ச்வடில் இறங்கிக் கசார்வாடிக்கு லோக்கல் பிடிக்க வேண்டும். படியேறி இந்தப் பக்கம் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்கு நாள் கடலில் அசையாத அம்மா, திடீரென்று பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது ஏன்டா ஆடுது?"

தரை இறங்கியபின் சிலருக்கு ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். நம்பவில்லை. மடியில் இருந்த தேங்காய் உருண்டுவிடாமல் முந்தானையில் சுற்றி இறுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த லோக்கல் எப்போது என்று கேட்டாள்.