எங்கள் கணிப்பொறிக்கு ஏற்ற எண் எது?

பத்தாம் வகுப்பு மாணவி, கணித மன்றம்

15 என்ற எண்ணைக் காரணிப்படுத்துக என்றால், 3 × 5 என்று ஆறாம் வகுப்புத் தங்கைகூடச் சொல்லிவிடுவாள். 2047-ஐக் கொடுத்தால் சற்று யோசிப்பாள். (விடை 23 × 89.) இருநூறு இலக்கம் கொண்ட எண்ணைக் கொடுத்தால் பெரிய பெரிய கணிப்பொறிகளே திணறும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது; பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவ்விரண்டையும் மீட்பது மிகக் கடினம். இணையத்தில் செய்திகளையும் கணக்குகளையும் காக்கும் பூட்டுகளில் ஒரு வகை இந்தக் கடினத்தை நம்பியே செய்யப்பட்டிருக்கிறது.

இத்தகைய எண்களை உடைக்கும் பணிக்குப் பல நாடுகளில் தொண்டர்கள் சம்பளமின்றித் தங்கள் கணிப்பொறிகளைத் தருகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து நாமும் சேர்ந்தால் என்ன என்று எங்கள் மன்றத்தில் ஆறு பேருக்கு ஆசை பிறந்தது. எங்களிடம் இருந்தது ஆய்வக மூலையில் ஒரு பழைய கணிப்பொறி, மாலை 4.15 முதல் 5.30 வரை நேரம்; நடுநடுவே மின்வெட்டு.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். 2-இன் 1277-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 385 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அது பகா எண் அன்று என்பது உறுதி. ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யாருக்கும் அகப்படவில்லை. இதைப் படித்ததும், "இதுதான் நம் எண்!" என்று குதித்தோம். நாற்பது நாள் ஓட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, எங்களைப்போலவே ஆசைப்பட்ட எத்தனையோ பேர், எங்களுடையதைவிடப் பன்மடங்கு வேகமான இயந்திரங்களைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதே எண்ணைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று. மீன்பிடித் திருவிழா முடிந்த கண்மாயில் மறுநாள் துண்டை விரித்து மீன் தேடிய கதைதான்.

காரணி தெரியாமல், பகா எண் அன்று என்று எப்படிச் சொல்லலாம் என நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண் அன்று என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876-இல் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் அமெரிக்கரான கோல் வெளியிட்டது 1903-இல்! நம் நாட்டிலும் 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதை ஐயமின்றி விரைவாக முடிவு செய்யும் வழியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார்கள். அந்த வழியும் காரணி இன்னது என்று சொல்லாது.

நாங்கள் வாடிப்போயிருந்தபோது கணக்கு சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள். "பிள்ளைகளா, இராமானுஜனிடம் என்ன கணிப்பொறி இருந்தது?" கும்பகோணத்தில் அவரிடம் இருந்தது ஒரு சிலேட்டு. காகித விலை கட்டாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். பின்னர் இங்கிலாந்தில் 1915-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்கள் கொண்ட எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. இதற்கு 10080 வகுஎண்கள். இவ்வளவு பெரிய எண்ணைக் கையால் எப்படி உடைத்தார்? இதில் இருப்பவை 2 முதல் 23 வரையுள்ள சின்னஞ்சிறு பகா எண்களே. சிறு பகா எண்களைக் கொண்டு மேலே கட்டிக்கொண்டு போனதால், எண் எத்தனை பெரிதானாலும் கையில் அடங்கியது.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது என்பது இன்னொரு செய்தி. அது 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வரும்! மேதையின் கணக்கையும் பிறர் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சிலேட்டில் நீங்களும் ஒரு பெரிய எண்ணை உடைக்கலாம். 2-இன் 29-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 536870911. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், இவ்வகை எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தர வேண்டும். அடுக்கு 29 ஆதலால் 59, 117, 175, 233 என்று 58, 58-ஆகக் கூட்டிப் போங்கள். 59-க்கு எட்டின் மீதி 3, தள்ளுக. 117, 175 இரண்டும் பகா எண்கள் அல்ல. ஆக, சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 233. இனி 233-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 2-இன் 8-ஆம் அடுக்கு 256; மீதி 23. 16-ஆம் அடுக்குக்கு 23 × 23 = 529; மீதி 63. 24-ஆம் அடுக்குக்கு 63 × 23 = 1449; மீதி 51. 28-ஆம் அடுக்குக்கு 51 × 16 = 816; மீதி 117. 29-ஆம் அடுக்குக்கு 234, மீதி 1. ஆகவே 1-ஐக் கழித்தால் மீதியின்றி வகுபடும். ஒன்பது இலக்க எண்ணை ஒரு தடவைகூட முழுதாக வகுக்கவில்லை, பார்த்தீர்களா?

1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடல் இயக்கத்தில் தொண்டர்கள் செய்யும் வேலைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அவர்கள் எடுக்கும் அடுக்குகள் பத்துக் கோடியையும் தாண்டியவை. இந்த வேலையைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள இயந்திரங்கள் பன்மடங்கு வேகமாகச் செய்கின்றன. எங்கள் கிழட்டுக் கணிப்பொறி அங்கே போட்டியிடுவது வீண்.

பெரிய எண்களை உடைக்கும் சல்லடை முறை மற்றொன்று. 129 இலக்க எண் ஒன்றை 1994-இல் ஏறத்தாழ 600 தொண்டர்கள் 1600 இயந்திரங்களைக் கொண்டு எட்டு மாதத்தில் உடைத்தார்கள். (அவற்றில் இரண்டு ஃபாக்ஸ் இயந்திரங்களாம்!) 2020-இல் 250 இலக்க எண் உடைந்தபோது, ஒரே கணிப்பொறிக் கரு தனியாகச் செய்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகக்கூடிய வேலை செலவாயிற்று. நம் ஊரில் மல்லிகையை வீடு வீடாகக் கொடுத்துக் கட்டி வாங்கலாம். தேர் மாலையாகச் சேர்ப்பதை ஓரிடத்தில்தான் செய்ய முடியும். அதுபோலவே சலிக்கும் வேலையைப் பலருக்குப் பகிரலாம். முடிவில் வரும் பெரும் சமன்பாட்டுக் கூட்டத்துக்கு நினைவகம் மிகுந்த பெரிய இயந்திரம் வேண்டும்.

சிறியவர்களுக்கு ஏற்றது லென்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணித அறிஞர் 1980-களில் கண்ட நீள்வட்ட வளைவு முறை. எங்களுள் ஒருத்தியின் அப்பா போர் வண்டியில் வேலை பார்க்கிறார். ஆகையால் இது எங்களுக்கு எளிதில் விளங்கியது. ஒவ்வொரு வளைவும் ஓர் ஆழ்துளைக் கிணறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, மின்சாரம் போனால் ஒரு துளை வீணாகும், அவ்வளவே. 25 இலக்கக் காரணியைத் தேட 50,000 ஆழத்தில் 214 வளைவுகள் போடுவது வழக்கம். 35 இலக்கக் காரணிக்குப் பத்து லட்சம் ஆழத்தில் 904 வளைவுகள். அதாவது வேலை 80 மடங்குக்கும் மேல். அத்தனையும் போட்ட பின்னும் காரணி தப்பிவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வாய்ப்புண்டு.

"தண்ணி வரலைன்னாலும் எத்தனை அடி போனோம்னு எழுதிக் குடுத்துட்டுத்தாம்மா வருவோம். இல்லைன்னா அடுத்த வண்டிக்காரனும் அதே இடத்துலதான் துளை போடுவான்" என்றார் அந்த அப்பா. எங்களுக்குச் சுருக்கென்றது. 1277-இல் நாற்பது நாள் உழைத்தோமே, எத்தனை வளைவு, எந்த ஆழம் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

ஆகவே இரண்டாம் முறை, அன்றன்றே முடியக்கூடிய வேலையைத் தேடினோம். ஓர் எண்ணின் வகுஎண்களில் அதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கூட்டுக. வரும் எண்ணுக்கும் அப்படியே செய்க. 12 தொடங்கினால் 16, 15, 9, 4, 3, 1 என்று முடிந்துவிடும். 276-இல் தொடங்கினால் முடியுமா என்று யாருக்கும் தெரியாது. 200 இலக்கங்களைத் தாண்டியும் அது போய்க்கொண்டிருக்கிறது. புகழ் பெற்ற 276 பக்கம் நாங்கள் போகவில்லை. அதிகம் பேர் கை வைக்காத தொடக்க எண் ஒன்றை எடுத்து, எண்பது இலக்கத்தை ஒட்டிய படிகளைச் செய்யலானோம். அந்த அளவு எண் எங்கள் கணிப்பொறிக்கு ஒரு மாலையில் உடையும். காரணிகளைப் பெருக்கினால் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும் என்பது பெருக்கினால்தானே! 38-ஆம் படியில் மின்சாரம் போய் வந்தபின் எண்ணை நோட்டைப் பார்த்து மறுபடி தட்டியபோது ஒரு 3, 8 ஆகிவிட்டது. அவசரத்தில் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. 57-ஆம் படியில் நின்றபோது, எல்லாப் படிகளையும் ஒன்பதால் வகுத்த மீதி கொண்டு சரிபார்க்கச் சொன்னார்கள் சிஸ்டர். 38-இல் மீதி ஒத்து வரவில்லை. பத்தொன்பது படிகள், மூன்று வார மாலைகள், அனைத்தும் தவறு. தட்டியவள் யார் என்று இங்கே எழுத மாட்டோம். ஆறு பேரில் ஒருத்தி. அன்று ஆறு பேருமே பேசாமல் வீட்டுக்குப் போனோம். தவறான பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், குறுக்கே கோடு போட்டுக் காரணத்தை எழுதுங்கள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். மறுநாள் 38-இலிருந்து மீண்டும் தொடங்கினோம். ஒருத்தி வாசிக்க ஒருத்தி தட்டுவாள். மூன்றாமவள் ஒன்பதின் மீதி பார்ப்பாள்.

இப்போது 49-ஆம் படியில் இருக்கிறோம். அரசுத் தேர்வு நெருங்கிவிட்டதால் நோட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைத்துவிட்டோம். அடுத்து உடைக்க வேண்டிய எண்ணுக்கு 83 இலக்கங்கள். அதன் ஒன்பதின் மீதியையும் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். மின்சாரம் இருந்தால் செவ்வாய் மாலை தொடங்குவார்கள்.