ஏழுக்கு இப்பாலும் அப்பாலும்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் நீர் சிவந்து ஆரத்தியாகும். அதிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். முன்னது காரத்தின் வேலை, பின்னது அமிலத்தின் வேலை. ஆனால் எவ்வளவு காரம், எவ்வளவு அமிலம் என்பதை மஞ்சள் சொல்லாது. அதைச் சொல்ல, 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் வகுத்ததே பி.எச். அளவு.

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளன என்று கண்டு, அவ்வெண்ணின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் பி.எச். கிடைக்கும். 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அயனிச் செறிவு 10⁻², ஆகவே பி.எச். 2. காரமானால் ஹைட்ராக்சில் அயனியைக் கொண்டு கணக்கிட்டு, 14-இலிருந்து கழிக்கிறோம். 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 14 − 3 = 11. இதுவரை எளிது.

அந்த அமிலத்தையே தூய நீர் விட்டு விட்டு 10⁻⁸ மோலார் ஆக்கினால்? "எட்டு" என்று எழுதக் கை துடிக்கும். எட்டு என்றால் காரமாயிற்றே! ஒரு காவிரியளவு தூய நீரை ஊற்றினாலும் அமிலம் காரமாகிவிடாது. (உண்மைக் காவிரியில் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருப்பதால் அதன் கதை வேறு.) இக்கணக்கில் விடுபட்டது நீர்தான். 25° செல்சியசில் தூய நீர் தானே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி தருகிறது. நம் அமிலம் தருவதைப் போல் அது பத்து மடங்கு. மொத்த ஹைட்ரஜன் அயனியை 'க' என்று கொள்வோம்.

க = 10⁻⁸ + 10⁻¹⁴/க
க² − 10⁻⁸க − 10⁻¹⁴ = 0

இதைத் தீர்த்தால் க = 1.05 × 10⁻⁷, பி.எச். 6.98. அமிலம் அமிலமாகவே நிற்கிறது.

இன்னொன்று. ஏழு நடுநிலை என்பது 25 பாகைக்குரிய கணக்கு. நம் திருச்சியின் கத்திரி வெயிலில் நீர் 40 பாகைக்குச் சூடேறினால் அயனிகள் பெருகி, நடுநிலை 6.77-க்கு இறங்கிவிடும். இருவகை அயனிகளும் அப்போதும் சமமே. ஆகையால் அந்நீரை அமிலம் எனல் தகாது.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 6.5 முதல் 8.5 வரை. ஸ்ரீரங்கத்துக் கிணறு ஒன்றின் நீர் 5.5 காட்டுவதாக வைத்துக்கொள்வோம். "ஒன்றுதானே குறைவு" என்று வீட்டில் சொல்லக்கூடும். மடக்கைக் கணக்கில் ஒன்று என்பது பத்து மடங்கு. அத்தகைய நீர் குழாயின் உலோகத்தையும் அரிக்கும்.

தோழியர்க்கு ஒரு கணக்கு: 10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? (விடை: 6.79)