குழந்தை பெரிசா இருக்காமே?

ஸ்கேனில் ‘4 கிலோ’ என்று வந்ததும் கலங்கி நிற்காதீர்கள். ஸ்கேன் எடை குத்துமதிப்புதான். பத்து, பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். பெரிய குழந்தை என்றாலே ஆபரேஷன் என்பதும் இல்லை.

முதலில் சர்க்கரையைப் பாருங்கள். சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய பரிசோதனைக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. கட்டுக்குள் வைத்தால் குழந்தை அளவுக்கு மீறி வளர்வது குறையும்.

‘ரெண்டு பேருக்குச் சாப்பிடும்மா’ என்று மாமியார் வைக்கும் கூடுதல் சோற்றுக்குப் பதில் சுண்டல், கீரை. (சண்டை வேண்டாம், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.) டாக்டர் சம்மதித்தால், வெயில் தாழ அரை மணி நடை.

‘பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கினால் என்ன செய்வீர்கள்?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.