கிழவன் என்னுஞ் சொல்லும் பழைய நூற்பயிற்சியும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வகுப்பிற் பாடஞ் சொல்லுங்கால், கிழவன் என்னுஞ் சொல் வந்தவுடனே மாணாக்கர் யாவரும் நகைத்தனர். காதற்றலைவனைக் கிழவனென்றும் தலைவியைக் கிழத்தியென்றும் ஆசிரியர் கூறியது என்னையென வினாவினர். கிழமை என்பது உரிமை, கிழவன் உரிமையுடையான். இக்காலத்து மூப்புப்பொருள் ஒன்றே வழங்குதலின் நகை பிறந்தது. "ஞாயிற்றுக்கிழமை என்று வாரந்தோறுஞ் சொல்லுகின்றீர்களே, ஆண்டு நிற்குங் கிழமை யாதென எண்ணினீர்களா?" என்றேம். ஞாயிற்றுக்கு உரிய நாள் என்று ஒருவன் மெல்லச் சொன்னான். நகை அடங்கிற்று.

பழைய நூல் கற்றல் உத்தியோகத்துக்கு உதவுமோ எனின், பெரும்பாலும் உதவாதென்றே ஒப்புகின்றேம். தாய்மொழி தானே வருமென்னும் மயக்கத்தை அஃது ஒழிக்கும். மிஷன் பாடசாலையிற் பயின்ற யாம், ஆங்கில நாடகமொன்றை அகராதியும் உரைக்குறிப்பும் பக்கத்தில் வைத்து ஓராண்டு கற்றேம். தமிழுக்கு அவ்வுழைப்பு வேண்டுவதன்றென்றிருந்தேம். பின்னர்ச் சிலப்பதிகாரத்தை விரித்தபோது, ஒரு பக்கங் கடத்தற்கு ஒரு மாலைப்பொழுது முழுதுஞ் சென்றது. அந்நாணம் இன்னும் எம்மை விட்டு நீங்கிற்றிலது.

எம்போல்வார்க்கு மட்டுமோ? 1880 ஆம் ஆண்டிற் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்நகர்க் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரை நோக்கி, என்னென்ன நூல்கள் கற்றீரென வினாவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஆண்டுகள் பல பாடங்கேட்ட ஐயர், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கினார். முதலியார் சிறிதும் வியந்திலர். சீவகசிந்தாமணி கற்றதுண்டோ என்றார். ஐயர் அந்நூலைக் கண்டதுமில்லை. பிறரொருவராயின் சினந்து எழுந்திருப்பர். ஐயரோ அதன் பிரதியைப் பெற்று முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். பிறசமய நூலாகலின் விளங்காதனவற்றைக் கும்பகோணத்துச் சைனரிடஞ் சென்று கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியர், அவர் முன்னே மாணாக்கர். ஏழாண்டு கழித்து 1887 இற் சிந்தாமணி அச்சேறிற்று. 1892 இற் சிலப்பதிகாரமும், 1894 இற் புறநானூறும் வெளிவந்தன.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியருரையோடு 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். அவர் அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். ஆங்கிலங் கற்றோர்க்குப் பழந்தமிழ் ஆகாதென்பார் இதனை நோக்குக.

நூல்கள்தாம் அச்சிலுளவே, இனிக் கற்றல் எற்றுக்கு என்பாரும் உளர். வகுப்பில் எழுந்த நகையே அவர்க்கு விடை. அச்சிட்ட புத்தகம் கையிலிருந்தும், கிழவன் அவர்க்குக் கிழவனாகவே தோன்றினான்.

மறுநாள் அம்மாணாக்கருள் ஒருவன், இலக்கணத்தில் இறந்தகாலம் என்கின்றோமே, காலம் எவ்வாறு இறக்கும் என்றான். இறத்தலுக்குக் கடத்தல் என்னும் பொருளும் உண்டெனச் சொல்லி, அப்பொருளில் அச்சொல் வருமிடத்தைத் திருக்குறளிற் பொறையுடைமை அதிகாரத்தில் தேடி வருக என விடுத்தேம். இரண்டிடங் கண்டு வந்தான். பரிமேலழகருரையையும் எழுதிக் கொணர்ந்திருந்தான்.