நாக்கு அறிந்ததும் நாள்பட அறிந்ததும்

மைசூரு

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அப்பாயி மாத்திரையை விட்டுவிட்டுப் பொடிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் பொடியை வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் வேண்டாம். நீ கல்லூரியில் வேதியியல் எடுத்திருக்கிறாய். காரணம் தெரியாத பதில் உனக்கு ருசிக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மைசூரில் இருந்துகொண்டு மூலிகை பற்றிப் பேசினால் சந்தனத்தில்தான் தொடங்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கத்திய சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். எண்ணெயை அங்கே வடித்துக்கொள்வார்கள். 1914-ல் போர் மூண்டது, ஏற்றுமதி படுத்தது, கட்டைகள் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு, விசுவேசுவரய்யா திவானாக இருந்த அந்த ஆண்டுகளில், எண்ணெயை இங்கேயே வடித்துப் பார்க்கத் துணிந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்கள் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் மானந்தவாடி சாலையில் இருக்கும் சந்தன எண்ணெய் ஆலை.

கட்டையைத் தூளாக்கி, அதனூடே நீராவியைச் செலுத்தி, ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியே நிற்கும். நல்ல எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் ஏறக்குறையப் பாதி, பீட்டா சாண்டலால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதி, இவற்றின் உறவுக்காரச் சேர்மங்கள். நாம் சந்தன வாசனை என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். மரம் இதை நமக்காகச் செய்யவில்லை. வைரம் பாய்ந்த கட்டையைப் பூஞ்சையும் கரையானும் அரிக்காமல் காக்கச் செய்து வைத்துக்கொள்கிறது. இதை நன்றாக மனதில் வை. மூலிகையில் உள்ள வீரியமான பொருள்களில் மிகப் பல, அந்தச் செடி தன் எதிரிகளுக்காகச் செய்துவைத்தவை. நம் உடம்பில் அவை நல்லது செய்தால் அது நம் அதிர்ஷ்டம். கெட்டது செய்தால் செடியின் மேல் குற்றமில்லை.

சந்தன எண்ணெய் மருந்தாகவும் இருந்தது. கொனோரியா என்ற பால்வினை நோய்க்கு ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கூட்டுக் குளிகையில் அடைத்துக் கொடுத்தார்கள். சல்ஃபா மருந்துகளும் பிறகு பெனிசிலினும் வந்தபின் அந்த வழக்கம் ஒழிந்தது. சந்தனம் அப்படியேதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மூலிகை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதுதான்: சொல்லப்படும் பலனை எதைக் கொண்டு கண்டார்கள்? நாக்கும் கண்ணுமே போதுமா, கருவி வேண்டுமா, இல்லை பல வருடம் காத்திருந்தால்தான் தெரியுமா? நம் முன்னோர் முதல் வகையில் கெட்டிக்காரர்கள். இரண்டாவதுக்கு அவர்களிடம் கருவி இல்லை. மூன்றாவதில் எந்த ஊர் மரபுமே தடுமாறும்.

சிறுகுறிஞ்சான் முதல் வகைக்கு அழகான உதாரணம். அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வதுபோல் இருக்கும். கால் மணி, அரை மணி கழித்து இனிப்பு திரும்பிவிடும். 1880-களில் ஊட்டியில் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் இருந்தார். நீலகிரியில் அரசு வளர்த்த சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் வேலையில் சென்னை மாகாண அரசு அவரை அமர்த்தியிருந்தது. அவர் சிறுகுறிஞ்சான் இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்து, அதற்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டு 1887-ல் வெளியிட்டார். கொய்னாவோடு பழகியவர் ஆதலால் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதன் கசப்பும் போய்ச் சுண்ணாம்புக் கட்டிபோல இருந்ததாக எழுதினார். பிற்காலத்து ஆய்வுகள் இனிப்பு மறைவதைத்தான் உறுதிசெய்தன. இன்று காரணமும் தெரியும். அது ஒரே அமிலம் அல்ல, சபோனின் வகையைச் சேர்ந்த ஒரு குடும்பம். நாக்கில் இனிப்பை உணரும் புரத ஏற்பிகளில் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால் நாக்கில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. இரண்டாவதை நாக்கால் காண முடியாது, அளக்கத்தான் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் அளந்தார்கள். 1990-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர், வழக்கமான மாத்திரையோடு நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச் சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதம் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைந்தது. பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேர் மாத்திரையை முழுக்க விட முடிந்தது.

நல்ல சேதிதான். ஆனால் வேதியியல் மாணவியாக நீ இதை எப்படிப் படிக்க வேண்டும்? 22 பேர் என்பது சிறிய கூட்டம். வெறும் மாவு மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஒப்பிட்ட சோதனை இல்லை அது. அவர்கள் கொடுத்தது அளவறிந்து தயாரித்த சாறு. கடையில் பொட்டலம் கட்டித் தரும் பொடியில் ஜிம்னீமிக் அமிலம் எவ்வளவு என்று பொட்டலம் சொல்லாது. இன்னொன்று, அந்தச் சாறு வேலை செய்யும் என்றே வைத்துக்கொண்டாலும் ஆபத்து உண்டு. மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை மயக்கம் வருமளவுக்கு இறக்கிவிடலாம். ஆகவே அப்பாயி பொடியைச் சாப்பிட ஆசைப்பட்டால், அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரையை அளந்துகொண்டே சாப்பிடட்டும். தானாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

கருவி வந்ததும் ஒரு மூலிகையின் கதை எப்படி மாறும் என்பதற்குச் சர்ப்பகந்தாவைப் பார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் சிறு செடி அது. அதன் வேர் தூக்கம் தரும், வெறி தணிக்கும் என்பது பழைய வழக்கு. கண்ணால் பார்க்கக்கூடிய பலன், சரியாகவே பார்த்திருந்தார்கள். இரத்த அழுத்தத்தை அது குறைக்கிறது என்பது மட்டும் அளவி இல்லாத காலத்தில் யாருக்கும் தெரிய வழியில்லை. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து அல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய இதழில் தம் நோயாளிகளின் அழுத்த அளவுகளை வெளியிட்ட பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்பினைத் தனியாகப் பிரித்தார்கள்.

நரம்பு முனைகளில் நோரட்ரினலின், டோபமின், செரடோனின் ஆகியவை சேமிப்புப் பைகளில் இருக்கும். அவை அந்தப் பைகளுக்குள் போய்ச் சேராமல் ரிசர்பின் தடுக்கிறது. சேமிப்பு கரையக் கரைய இரத்தக் குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது, மனமும் அடங்குகிறது. பழையவர்கள் கண்ட தூக்கமும் கருவி கண்ட அழுத்தக் குறைவும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். அதே செயல்தான் சிலருக்கு மனச்சோர்வும் தந்தது என்று குறிப்புகள் வந்தன. பிறகு வேறு மருந்துகள் பெருகி, ரிசர்பின் பின்னுக்குப் போனது. அதற்குள் வேருக்காகச் செடியையே தோண்டித் தோண்டிக் காட்டில் அருகிப்போய், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டி வந்தது.

மஞ்சளுக்கு வருவோம். அதற்கு இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறது. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், மசாலாப் பொருள்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது சமையலறைக் கேள்வி: கொதிக்கவைத்தால் மஞ்சளில் உள்ள குர்க்குமின் எவ்வளவு மிஞ்சும்? 27 முதல் 53 சதவீதம் வரை போய்விடுகிறது. 10 நிமிடம் குக்கரில் வைத்தால்தான் இழப்பு அதிகம். துவரம்பருப்பு சேர்த்தாலும் ஏறக்குறைய அதே இழப்பு. புளி சேர்த்தால் மட்டும் 12 முதல் 30 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. குர்க்குமின் காரத்தில் சிதையும், அமிலத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நீ படித்தால் இந்தக் கணக்கு உனக்குப் புரிந்துவிடும். மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் கூடக் கொதியில் ஓரளவு இழக்கின்றன.

மிஞ்சியது இரத்தத்துக்குப் போகிறதா? அதுதான் அடுத்த சங்கடம். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்க்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்பட்டதே அரிது. 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தபோது உட்கிரகிப்பு 2,000 சதவீதம் கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவதற்கு ஆதாரமாக எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம். 2 கிராம் வேண்டுமென்றால் 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் விழுங்க வேண்டும். பால் குடிப்பவர் போடுவது கால் தேக்கரண்டி. ஏறத்தாழ ஒன்றுமில்லாததை 20 மடங்காக்கினாலும் அது கொஞ்சம்தான்.

பைப்பரின் இதைச் செய்வது, உடம்பு அந்நியப் பொருளை வெளியேற்றும் வழியை அடைப்பதன் மூலம். குர்க்குமினுக்கு அடைக்கும் வழியை வேறு மருந்துக்கும் அடைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இரத்தத்தில் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சாம்பாரில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய மாத்திரைகளுக்குத்தான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் அப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கணக்கில் எடுத்து, இரு தரப்பும் அறியாமல் நடத்திய எந்தச் சோதனையிலும் குர்க்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். சோதனைக் குழாயில் மட்டும் நல்லபடி தெரிவதற்கும் அவர்கள் காரணம் சொன்னார்கள்: குர்க்குமின் தானே ஒளிர்கிறது, எதனோடும் வினைபுரிகிறது, நில்லாமல் சிதைகிறது. அதனால் சோதனைக் குழாயையே ஏமாற்றிவிடுகிறது.

கடைசியாக, நாள்பட்டால் மட்டுமே தெரிவது. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் நம் நாட்டு மருந்துகளில் வெகு காலமாக இருப்பவை. இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பம். அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, பல வருடம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களில் 100-க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது; சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி தவறிக் கலந்துவிட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியான பட்டியலில் வைத்திருக்கிறது. பால்கன் நாடுகளில் கோதுமை வயல் களையாக வளர்ந்த இதே குடும்பத்துச் செடி, விதையாக மாவில் கலந்து, தலைமுறைகளாகச் சிறுநீரக நோயைப் பரப்பியது. அங்கே சாப்பிட்டவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. இன்று விழுங்கியது 20 வருடம் கழித்துக் கெடுத்தால் இரண்டையும் எந்தப் பாட்டி முடிச்சுப் போட்டுப் பார்ப்பாள்? நூறு வருடமாகச் சாப்பிடுகிறோம் என்ற வாதம் உடனே தெரியும் தீமைக்குச் செல்லும். மெல்ல வருவதற்குச் செல்லாது.

இதனால் மரபு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மயக்கம், வாந்தி, இனிப்பு மறைவது, வெறி தணிவது ஆகியவற்றைப் பல தலைமுறைக் கூர்மையோடு பார்த்துவைத்தது மரபு. எந்தச் செடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வேதியியலுக்குச் சொன்னதும் அதுதான். சர்ப்பகந்தாவை யாரும் குருட்டாம்போக்கில் தேடிக் கண்டெடுக்கவில்லை. 1908-லிருந்து அரசு ஆயுர்வேதக் கல்லூரி நடக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் அந்தக் கடனை மறக்க முடியாது. எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எல்லை போட்டுக்கொள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த முறை கல்லூரி ஆய்வகத்தில் நேரம் கிடைத்தால் ஆசிரியரிடம் கேட்டு இதைச் செய். மஞ்சள் தூளைக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து வடிகட்டு. சிலிக்கா பூசிய மென்படலத் தட்டில் ஒரு புள்ளி வை. தட்டின் அடியைக் குளோரோஃபார்மில் சிறிது மெத்தனால் கலந்த கலவையில் நிறுத்து. காற்றோட்டப் பெட்டிக்குள் செய்வது நல்லது. சில நிமிடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி மூன்றாகப் பிரிந்து மேலேறும்: குர்க்குமின், டெமிதாக்ஸி குர்க்குமின், பிஸ்டெமிதாக்ஸி குர்க்குமின். ஒரே மஞ்சள் நிறத்துக்குள் இத்தனை பேர். வேறு வேறு கடைத் தூளில் அந்த மூன்றின் அளவும் மாறும். குறிப்பேட்டில் கடை, ஊர், தேதி, நிறை எல்லாம் எழுது. பிறகு யாராவது மஞ்சள் இதைக் குணப்படுத்தும் என்று சொன்னால், எந்த மஞ்சள், அதில் எது, எவ்வளவு, யாரிடம் பார்த்தீர்கள், எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று கேட்க உனக்கு உரிமை வந்துவிடும். பணிவாகக் கேள், ஆனால் ஐந்தையும் கேள்.

அன்புடன்,
பெரியப்பா